கடவுளுக்குப் பெயர் வச்ச கதை: ஒரு சொல்லுக்காக நடந்த நூற்றாண்டுச் சண்டைகள்

எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்

ஒவ்வொரு மதக் கலவரச் செய்தி வரும்போதும் நம்ம ஃபேமிலி குரூப்ல ரெண்டு பதில் உடனே வந்து விழும். ஒண்ணு, "எல்லா சாமியும் ஒண்ணுதான், அரசியல்வாதிங்கதான் பிரிச்சு வைக்கிறாங்க." இன்னொண்ணு, "மதம்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும் சண்டை இருக்கும்." ரெண்டுமே சொல்லி முடிச்சதும் பேச்சும் முடிஞ்சிடும். அதுக்கு மேல யோசிக்கத் தேவையில்லாத மாதிரி ஒரு நிம்மதி கிடைக்கும். எனக்கு அந்த நிம்மதி மேலதான் சந்தேகம்.

நான் வேலை பார்க்கிறது சாஃப்ட்வேர்ல. ரெண்டு டீம் எழுதின ரெண்டு சிஸ்டத்தை இணைக்கும்போது பெரிய தலைவலி எங்க வரும் தெரியுமா? ரெண்டு பக்கமும் வேற வேற பெயர் வச்சிருந்தா பிரச்சினையே இல்லை, உடனே எரர் வந்துடும். ரெண்டு பக்கமும் "கஸ்டமர்"னு ஒரே பெயர் இருக்கும். ஒரு பக்கம் அது பணம் கட்டினவர், இன்னொரு பக்கம் சும்மா ரெஜிஸ்டர் பண்ணினவர். எரரே வராது. ஆறு மாசம் கழிச்சு கணக்கு இடிக்கும்போதுதான் தெரியும்.

கடவுள் விஷயத்துல வரலாறு இதையே பல தடவை பண்ணியிருக்கு. ஒரு மதம் இன்னொரு மொழிக்குள்ள போகும்போது முதல் கேள்வி, "நம்ம கடவுளை இவங்க மொழியில என்னன்னு கூப்பிடுறது?" சின்னக் கேள்வி மாதிரி தெரியும். இந்த ஒரு கேள்வியால ஒரு பேரரசரும் ஒரு போப்பும் மோதினாங்க. ஒரு தேவாலயம் எரிஞ்சிருக்கு. இன்னைக்கு மூணு இடத்துக்குப் போறோம்: ஜப்பான், சீனா, மலேசியா. நடுவுல பாண்டிச்சேரியிலயும் ஒரு ஸ்டாப் இருக்கு.

ஜப்பான்: எல்லாரும் தலையாட்டின இரண்டு வருஷம்

பிரான்சிஸ் சேவியரை நமக்குத் தெரியும். 1542-ல இருந்து முத்துக்குளித்துறைக் கடற்கரையில பரதவர் மக்கள் நடுவுல வேலை செஞ்சவர். ஜெபங்களைத் தமிழ்ல மொழிபெயர்க்க வச்சு, மனப்பாடம் பண்ணி, ஊர் ஊரா சொல்லிக்கிட்டுப் போனவர். 1547 கடைசியில மலாக்காவுல அஞ்சிரோன்னு ஒரு ஜப்பானியரைச் சந்திக்கிறார். அஞ்சிரோ கோவாவுக்கு வந்து ஞானஸ்நானம் வாங்குறார். 1549 ஆகஸ்ட் 15, சேவியர் அவரோட ககோஷிமாவுல போய் இறங்குறார்.

இப்ப அந்தக் கேள்வி வருது. "தேயுஸ்"ங்கிற லத்தீன் சொல்லை ஜப்பானிய மொழியில என்னன்னு சொல்றது? அஞ்சிரோ பெரிய சாஸ்திரம் படிச்சவர் இல்லை. அவருக்குத் தெரிஞ்ச பெரிய தெய்வப் பெயரைச் சொன்னார்: "தைநிச்சி." சேவியரும் ஊர் ஊராப் போய் தைநிச்சியை வணங்குங்கன்னு பிரசங்கம் பண்ண ஆரம்பிச்சார்.

தைநிச்சி யாரு? ஷிங்கோன் பௌத்தத்துல உச்சப் புத்தர். சமஸ்கிருதத்துல மகாவைரோசனர். ஆனா அவர் உலகத்தைப் படைச்சுட்டு வெளியே நிக்கிற ஆள் இல்லை. இந்தப் பிரபஞ்சமே அவரோட உடம்பு. மலை, மழை, நீங்க, நான் எல்லாமே அதுக்குள்ள. சேவியரோட கடவுளோ படைச்சவர், தீர்ப்புச் சொல்றவர், மனுஷனாப் பொறந்து சிலுவையில செத்தவர்.

ஷிங்கோன் துறவிகள் ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. அவங்க பார்வையில இந்த வெளிநாட்டுக்காரர் இந்தியாவுல இருந்து, அதாவது புத்தர் பொறந்த நாட்டுல இருந்து வந்து, நம்ம தைநிச்சியைப் பத்தியே பேசுறார். இது எந்த அளவுக்குப் போச்சுன்னா, சேவியர் கிளம்பினதுக்கு அப்புறம், 1552-ல யமகுச்சி ஆட்சியாளர் பாதிரியார்களுக்கு இடம் கொடுத்த ஆவணத்துலயே, இவங்க புத்த தர்மத்தைப் பரப்ப வந்தவங்கன்னு எழுதியிருக்கு.

ஆனா சேவியருக்கு அதுக்கு முன்னாடியே சந்தேகம் வந்துடுச்சு. 1551-ல யமகுச்சியில துறவிகள்கிட்ட உட்கார்ந்து கேக்குறார். உங்க தைநிச்சி மூன்று ஆளா இருக்கிற ஒரே கடவுளா? அதுல இரண்டாவது ஆள் மனுஷனாகி நமக்காகச் செத்தாரா? துறவிகளுக்கு இது ஏதோ வேடிக்கைக் கதை மாதிரி இருந்துச்சு. சேவியருக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. உடனே கூட இருந்த பிரதர் யுவான் ஃபெர்னாண்டஸை தெருவுக்கு அனுப்பி, "தைநிச்சியை வணங்காதீங்க"ன்னு சொல்லச் சொல்றார். நேத்து வரைக்கும் வணங்குங்கன்னு சொன்ன அதே ஆளுங்க!

அதுக்கப்புறம் மொழிபெயர்க்காம "தேயுசு"ன்னு லத்தீன் சொல்லையே வச்சுக்கிட்டாங்க. எதிராளிங்க சும்மா விடுவாங்களா? ஜப்பானிய மொழியில "தை உசோ"ன்னா பெரிய பொய். தேயுசு, தை உசோ, ஒலி கிட்டத்தட்ட ஒண்ணு. கிண்டல் பிச்சுக்கிட்டுப் போச்சு. நட்பா இருந்த துறவிகள் பகையானாங்க. 1555-ல பல்தசார் காகோங்கிற பாதிரியார், பௌத்தத்துல இருந்து கடன் வாங்கின ஐம்பதுக்கும் மேற்பட்ட சொற்களை ஆபத்தானவைன்னு தூக்கிட்டதா எழுதுறார்.

இங்க ஒண்ணைக் கவனிங்க. 1614-ல ஜப்பான் முழுக்கக் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டதுக்குக் காரணம் இந்தச் சொல் இல்லை. அதுக்கு ஐரோப்பிய வல்லரசுகள் மேல இருந்த பயம், உள்நாட்டு அரசியல்னு வேற காரணங்கள். நான் சொல்ல வர்றது வேற. அந்த இரண்டு வருஷ நட்பு ரெண்டு தரப்பும் ஒருத்தரை ஒருத்தர் சரியா கேக்காததால வந்த நட்பு. கேள்வி கேட்ட அன்னைக்கே உடைஞ்சுது. "எல்லாம் ஒண்ணுதான்"ங்கிற வசனம் மேல எனக்கு சந்தேகம்னு சொன்னேன்ல, அதுக்கு இதுதான் காரணம். வேற வேறன்னு தெரிஞ்சே பழகியிருந்தா, அன்னைக்கு யாரும் ஏமாந்த மாதிரி உணர்ந்திருக்க மாட்டாங்க.

சீனா: அகராதியை யார் எழுதுறது?

அடுத்தது மத்தேயோ ரிச்சி. இத்தாலியர், இயேசு சபை. 1582-ல மக்காவ், 1601-ல பெய்ஜிங். ஜப்பான் அனுபவம் சபைக்குள்ள தெரிஞ்ச கதை. அதனால இவர் அவசரப்படலை. சீன இலக்கியங்களைப் படிச்சார். அறிஞர்களோட உடை போட்டுக்கிட்டார். 1603-ல சீன மொழியிலயே ஒரு நூல் வெளியிட்டார். அதுல அவர் வாதம்: நாங்க "தியன்சு", அதாவது வானத்தின் தலைவர்னு சொல்றவர்தான் உங்க பழைய நூல்கள்ல "ஷாங்தி", மேலுள்ள பேரரசர்னு வர்றவர்.

1610-ல ரிச்சி இறந்தார். அவர் இடத்துக்கு வந்த லோங்கோபார்தோ இதை ஒத்துக்கலை. இன்னைக்கு இருக்கிற கன்ஃபூசிய அறிஞர்கள் ஷாங்திங்கிற சொல்லை அப்படியா புரிஞ்சுக்கிறாங்கன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். ரிச்சி பழைய நூலைப் பார்த்தார், இவர் இப்ப வாழ்ற மனுஷங்களைப் பார்த்தார். ஒரு சொல்லோட அர்த்தம் புத்தகத்துல இருக்கா, பேசுறவங்க மனசுல இருக்கா? இன்னைக்கும் மதச் சண்டைகள்ல பாதி இதுதான். "எங்க வேதத்துல அப்படி இல்லையே"ன்னு ஒருத்தர் சொல்வார், "உங்க ஆளுங்க நடந்துக்கிறது அப்படித்தானே இருக்கு"ன்னு இன்னொருத்தர் சொல்வார்.

இதுகூட சபைக்குள்ள நடந்த விவாதமாவே முடிஞ்சிருக்கும். 1630-கள்ல டொமினிக்கன், பிரான்சிஸ்கன் துறவிகள் சீனாவுக்கு வந்தாங்க. சீனக் கிறிஸ்தவர்கள் முன்னோர் பலகைக்கு முன்னாடி வணங்குறதைப் பார்த்து, இது சிலை வழிபாடுன்னு ரோமுக்குப் புகார் பண்ணாங்க. 1645-ல ரோம் தடுத்தது. இயேசு சபை ஆள் அனுப்பி விளக்கம் சொன்னதும் 1656-ல அனுமதிச்சது. ரெண்டு தீர்ப்பும் ஒரே விஷயத்துக்குத்தான். கேஸை எப்படி எழுதிக் கொடுத்தாங்களோ, அப்படித் தீர்ப்பு வந்துச்சு.

அப்போ சீனாவுல பேரரசர் காங்சி. இயேசு சபைப் பாதிரியார்கள்கிட்ட கணிதம், வானியல் கத்துக்கிட்டவர். 1675-ல அவங்க தேவாலயத்துக்குப் போய், "வானத்தை வணங்கு"ன்னு அர்த்தம் வர்ற இரண்டு எழுத்துகளைத் தன் கையால எழுதிக் கொடுத்தார். 1692-ல கிறிஸ்தவத்தைப் பின்பற்ற அனுமதி கொடுத்து ஆணையே போட்டார். 1700-ல இயேசு சபையினர் அவர்கிட்டயே கேட்டாங்க: முன்னோரை வணங்குறது மரியாதையா, வழிபாடா? அவர் மரியாதைன்னு உறுதி பண்ணார்.

யோசிச்சுப் பாருங்க. சீனச் சடங்குக்கு என்ன அர்த்தம்னு சீனப் பேரரசரே சொல்லிட்டார். ஆனா 1704-ல ரோம் அதுக்கு நேர் எதிரா முடிவெடுத்துச்சு. "தியன்சு" மட்டும்தான், "ஷாங்தி", "தியன்" ரெண்டும் கூடாது. காங்சி எழுதிக் கொடுத்த அந்த இரண்டு எழுத்துப் பலகை கூட தேவாலயத்துல இருக்கக் கூடாது.

பாண்டிச்சேரியில ஒரு ஸ்டாப்

இந்தச் சடங்கு விவகாரத்துக்காகச் சீனாவுக்குப் போப் அனுப்பின தூதர் மெய்யார் தெ தூர்னோன். அவர் கப்பல் 1703 நவம்பர்ல பாண்டிச்சேரிக்கு வந்துச்சு. எட்டு மாசம் இங்க இருந்தார், பெரும்பாலும் உடம்பு சரியில்லாம. மதுரைப் பக்கம் போகவே இல்லை. 1704 ஜூன்ல, தமிழ்க் கிறிஸ்தவர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாதுன்னு ஒரு ஆணை எழுதினார்.

பின்னணி இதுதான். 1606-ல மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி காவி கட்டி, சைவ உணவு சாப்பிட்டு, கடவுளை "சருவேசுரன்"னு கூப்பிட்டார். பூணூல், குடுமி, சந்தனம் இதெல்லாம் சமூக அடையாளம்தான், மத அடையாளம் இல்லைன்னு வாதாடினார். 1623-ல போப் 15-ஆம் கிரிகோரி அதுக்கு அனுமதி கொடுத்தார். அவருக்கு முன்னாடி, 1578-ல கொல்லத்துல என்றிக் என்றிக்கஸ் அச்சடிச்ச "தம்பிரான் வணக்கம்"ல கடவுளுக்குத் "தம்பிரான்"னு பேரு.

தூர்னோன் ஆணையில பிள்ளையார் உருவம் உள்ள தாலிக்குத் தடை. மாதவிடாய் நேரத்துல பெண்களை தேவாலயத்துல இருந்தும் சாக்கிரமந்துல இருந்தும் ஒதுக்கக் கூடாது. நோயில கிடக்கிற பறையர் மக்களோட வீட்டுக்குள்ளயே போய்ப் பாதிரியார்கள் சாக்கிரமந்து கொடுக்கணும்.

இந்த இடத்துலதான் கதை சிக்கலாகுது. இதுவரைக்கும் கேட்டவங்களுக்கு இயேசு சபை நல்லவங்க, ரோம் வில்லன்னு தோணியிருக்கும். ஆனா மதுரை மிஷன்ல உயர்சாதிக்குத் தனிச் சாமியார், மற்றவங்களுக்குப் பண்டாரசாமின்னு தனி ஆளுங்க இருந்தாங்க. "உள்ளூர்ப் பண்பாட்டைப் புரிஞ்சுக்கிட்டோம்"ங்கிறதுல சாதியும் சேர்ந்தே வந்துச்சு. ஊரோட மொழியையே சரியாகத் தெரியாத ஒரு வெளியாள் போட்ட ஆணையிலதான், ஒதுக்கப்பட்டவங்க வீட்டுக்குள்ள போங்கன்னு ஒரு வரி இருக்கு. யாரோட பண்பாட்டைப் புரிஞ்சுக்கிட்டோம், அந்த ஊர்ல யார் பேச்சைக் கேட்டு அதைப் புரிஞ்சுக்கிட்டோம்? இந்தக் கேள்வியை நோபிலிகிட்டயும் கேக்கணும், தூர்னோன்கிட்டயும் கேக்கணும்.

மறுபடியும் பெய்ஜிங்

1705 டிசம்பர்ல தூர்னோன் பெய்ஜிங் போய்ச் சேர்ந்தார். 1706-ல அவர் தரப்பு நிபுணரா மெக்ரோங்கிற பிஷப்பைக் காங்சி வரவழைச்சார். இவர்தான் 1693-லயே ஃபூஜியன்ல அந்தச் சொற்களையும் சடங்குகளையும் தடை பண்ணவர். காங்சி தன் சிம்மாசனத்துக்குப் பின்னாடி இருந்த நாலு எழுத்துகளைக் காட்டி, படிங்கன்னார். மெக்ரோவால ஒரே ஒரு எழுத்தைத்தான் படிக்க முடிஞ்சதாப் பதிவுகள் சொல்லுது. அரசவை மொழியும் பேச வரலை, மொழிபெயர்ப்பாளர் வேணும். காங்சிக்கு வந்த கோபத்தை நீங்களே கற்பனை பண்ணிக்கலாம். எங்க எழுத்தையே படிக்கத் தெரியாதவர், எங்க சொல்லுக்கு அர்த்தம் சொல்ல வந்திருக்கார்!

மெக்ரோவை நாடு கடத்தினார். ரிச்சியோட வழியைப் பின்பற்றுவேன்னு கையெழுத்துப் போடுறவங்க மட்டும்தான் சீனாவுல இருக்கலாம்னார். தூர்னோன் மக்காவ்ல காவல்ல வைக்கப்பட்டு 1710-ல அங்கேயே இறந்தார். 1715-ல போப் 11-ஆம் கிளமென்ட் தடையை இன்னும் இறுக்கினார். 1721-ல அந்த ஆணையோட சீன மொழிபெயர்ப்பைப் படிச்ச காங்சி, இவங்க இனிமே இங்க பிரசங்கம் பண்ண வேண்டாம்னு குறிப்பு எழுதினார். 1724-ல அவர் மகன் யோங்செங் கிறிஸ்தவத்தைத் தடை பண்ணார். 1742-ல 14-ஆம் பெனடிக்ட் சீனச் சடங்குகள் பத்தின விவாதத்தையே மூடினார். 1744-ல தமிழ்நாட்டுச் சடங்குகளுக்கும் தீர்ப்பு எழுதினார். 1939-ல தான் 12-ஆம் பயஸ் காலத்துல ரோம் சீனச் சடங்குகளை அனுமதிச்சது. முதல் தடையில இருந்து கணக்குப் போட்டா 294 வருஷம்.

இதுல நடுவுல மாட்டினது யாரு? சாதாரண சீனக் கிறிஸ்தவக் குடும்பங்கள். அப்பா இறந்துட்டார், அவர் பெயர்ப் பலகைக்கு முன்னாடி தலை குனிஞ்சா சபைக்குத் துரோகி. குனியலைன்னா ஊருக்கும் சொந்தக்காரங்களுக்கும் துரோகி. அவங்ககிட்ட யாரும் கேக்கலை.

இந்தச் சண்டை 19-ஆம் நூற்றாண்டுல புராட்டஸ்டண்ட் தரப்புலயும் திரும்ப வந்துச்சு. "ஷாங்தி"யா, "ஷென்"னா? முடிவே வரலை. 1919-ல வந்த சீன பைபிள் இரண்டு பதிப்பா வந்துச்சு. ஷாங்தி இரண்டு எழுத்து, ஷென் ஒரு எழுத்து. பக்க அமைப்பு மாறாம இருக்க, ஷென் பதிப்புல அந்த எழுத்துக்கு முன்னாடி ஒரு எழுத்து இடத்தைக் காலியா விட்டாங்க. தீராத வாதத்துக்கு ஒரு வெற்றிடம் விட்டு சமாளிச்சிருக்காங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன் முடிவு இது. இன்னைக்கும் சீன அரசு கத்தோலிக்கத்தையும் புராட்டஸ்டண்டையும் இரண்டு தனி மதங்களாத்தான் கணக்கு வைக்குது. கத்தோலிக்கத்தோட பெயரே "தியன்சு மதம்"தான்.

மலேசியா: இந்தச் சொல் யாருக்குச் சொந்தம்?

மூணாவது கதை நம்ம காலத்தோடது. அல்பர்ட் ரெய்ல் மலாய் மொழியில மொழிபெயர்த்து 1629-ல அச்சான மத்தேயு நற்செய்தியிலயே கடவுளுக்கு "அல்லாஹ்"னுதான் இருக்கு. அரபுக் கிறிஸ்தவர்களும் இந்தோனேசியக் கிறிஸ்தவர்களும் இன்னைக்கும் அப்படித்தான் ஜெபிக்கிறாங்க. நபிகளோட தந்தை பெயரே அப்துல்லாஹ், அல்லாஹ்வின் அடியார். அப்படின்னா அந்தச் சொல் இஸ்லாத்துக்கு முன்னாடியே அரேபியாவுல புழக்கத்துல இருந்திருக்கு.

1986-ல மலேசிய உள்துறை அமைச்சகம், கிறிஸ்தவ வெளியீடுகள்ல அல்லாஹ் உட்பட நாலு சொற்களைப் பயன்படுத்தக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. "ஹெரால்டு"ன்னு ஒரு கத்தோலிக்க வார இதழ். ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் நாலு மொழியிலயும் பகுதிகள் வரும். தமிழ்ப் பகுதிக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. மலாய்ப் பகுதி கோர்ட்டுக்குப் போச்சு. 2009 டிசம்பர் 31, உயர் நீதிமன்றம் இதழுக்கு ஆதரவா தீர்ப்புச் சொன்னது. 2010 ஜனவரியில கோலாலம்பூர்ல ஒரு தேவாலயத்துக்குத் தீ வச்சாங்க, வேற சில தேவாலயங்களும் தாக்கப்பட்டுச்சு. பிறகு முஸ்லிம் தொழுகை இடங்களும் தாக்கப்பட்டுச்சு. உயிர்ச்சேதம் இல்லை, அது ஒண்ணுதான் ஆறுதல். 2013-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாத்துச்சு. 2014-ல உச்ச அமர்வு 4-க்கு 3-ன்னு மேல்முறையீட்டு அனுமதியை மறுத்துச்சு. 2021-ல சரவாக்கைச் சேர்ந்த ஒரு பெண்ணோட வழக்குல, அந்த நாலு சொற்களையும் கிறிஸ்தவர்கள் பயன்படுத்தலாம்னு உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. 2023-ல அரசு அந்த மேல்முறையீட்டை வாபஸ் வாங்குச்சு.

இங்க யாரும் அர்த்தம் புரியாமச் சண்டை போடலை. இஸ்லாமியக் கட்சியான பாஸ் கூட 2010-ல, ஆபிரகாமிய மதத்தவங்க அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம்னுதான் சொன்னது. அரசு சொன்ன காரணம் முஸ்லிம்கள் குழம்பிடுவாங்க, பொது அமைதி கெடும்ங்கிறது. அதுக்கு அடியில இருந்த பயம், நம்ம சொல்லைப் பயன்படுத்தி நம்ம பிள்ளைகளை மாத்திடுவாங்களோங்கிறது. எதிர்ப் பக்கத்துல, போர்னியோவுல தலைமுறை தலைமுறையா அந்தச் சொல்லால ஜெபிச்ச ஒரு பாட்டிக்கு, நாளையில இருந்து உங்க கடவுளை வேற பெயர்ல கூப்பிடுங்கன்னு சொன்னா எப்படி இருக்கும்? ரெண்டு பக்கமும் பறிபோகுதுங்கிற பயம்தான்.

நம்ம ஊர் அகராதி

தமிழ்ல இந்தக் கதை எப்படிப் போச்சு? புராட்டஸ்டண்ட் தரப்புல சீகன்பால்கு "சருவேசுரன்"னு எழுதினார். 18-ஆம் நூற்றாண்டுல ஃபப்ரீசியுஸ் "பராபரன்"னார். அதே நூற்றாண்டுல தாயுமானவர் பராபரக்கண்ணி பாடினார்ங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கங்க. 1871 திருத்தம் "தேவன்"னு மாத்துச்சு. 1995 பொது மொழிபெயர்ப்புல "கடவுள்." ஒவ்வொரு மாற்றத்துக்கும் மனஸ்தாபம் இருந்துச்சு. ரேனியுஸ் பைபிளைத் திருத்தினப்ப தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் பழகின மொழியில கை வைக்காதீங்கன்னு கடுமையா எதிர்த்தார். ஆனா எந்த அரசும் உள்ளே வந்து இதுதான் சொல்னு சட்டம் போடலை. அதனால அது வாதமாவே இருந்துச்சு.

தமிழ் முஸ்லிம்கள் போறது "பள்ளிவாசல்." பள்ளின்னா ஒரு காலத்துல சமணர், பௌத்தர் இருந்த இடம். இருக்கிறது "நோன்பு", செய்றது "தொழுகை." இந்தச் சொல் உன்னோடது இல்லைன்னு யாரும் கேஸ் போடலை. மத நல்லிணக்கத்துக்கு நாம ஸ்பெஷல்னு நான் சொல்ல மாட்டேன், நம்ம வரலாற்றுலயும் கலவரம் இருக்கு. ஒரு சொல் பல பேர் கையில இருந்தும் தேயாம இருக்கும்ங்கிறதுக்கு இது ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

அப்போ, இந்த எபிசோடோட முதல் கேள்விக்கு வருவோம். ஜப்பான்ல ஒரே சொல்லுக்குள்ள இரண்டு கடவுள் இருந்தது தெரியாம இருந்துச்சு. அது புரிதல் கோளாறு, கேள்வி கேட்டா தெரிஞ்சுடும். சீனாவுல அர்த்தம் தெரிஞ்சும், தீர்ப்புச் சொல்ற அதிகாரம் யாருக்குன்னு மோதிக்கிட்டாங்க. மலேசியாவுல சொல் யாருக்குச் சொந்தம்னு மோதிக்கிட்டாங்க. இந்த இரண்டையும் வெறும் விளக்கத்தால தீர்க்க முடியாது. எல்லாரும் எல்லாருடைய வேதத்தையும் படிச்சாச் சரியாகிடும்னு சொல்றது அதனாலதான் பாதி பதில். மீதிப் பாதி, யார் முடிவெடுக்கிறாங்க, முடிவெடுக்கும்போது அதனால பாதிக்கப்படுறவங்க அந்த அறையில இருக்காங்களாங்கிறது.

அடுத்த தடவை குரூப்ல யாராவது "அவங்க கடவுள் அப்படிச் சொல்றார்"னு ஃபார்வர்ட் பண்ணா, அந்த "அவங்க" ஒருத்தர்கிட்ட நேரா கேளுங்க: இந்தச் சொல் உங்க வீட்டுல எப்போ, எதுக்குப் பயன்படுது? சேவியர் அந்தக் கேள்வியை இரண்டு வருஷம் கழிச்சுக் கேட்டார். மெக்ரோ கேக்கவே இல்லை.

உங்க வீட்டுல கடவுளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவாங்க, பாட்டி காலத்துப் பெயர் மாறியிருக்கான்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல கேட்போம்.